சிவப்பு சிலிண்டருக்கு வைத்த பொட்டு

நாமக்கல்,
மார்ச் 16, ஞாயிறு

அன்பு மகள் மதுமதிக்கு அம்மா எழுதுவது. நான் நலம், உங்கப்பாவும் முழங்காலைத் தவிர மற்றபடி நலம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நல்லாப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்வதை விட்டு ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனில் நீ அழுதால் நான் இறங்கிப் போய்விடுவேன் சாமி, காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. எழுதி முடித்ததும் அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார், முழுசும் படி.

இந்த மாதம் 31ஆம் தேதியோடு ஓட்டலுக்கு இன்சூரன்சும் முடிகிறது, பார் லைசென்சும் முடிகிறது. ரெண்டுக்கும் வந்து பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் புதுப்பிப்பார்கள். இன்சூரன்ஸ் இல்லையென்றால் கடன் கொடுத்த பேங்க்காரன் கழுத்தைப் பிடிப்பான், லைசென்ஸ் இல்லையென்றால் பாரைப் பூட்ட வேண்டும், பார் இல்லாமல் மேலே இருக்கும் ரூமுக்கு போர் போடுகிற எந்த ரிக் வண்டிக்காரனும் வரமாட்டான். போன நாலாம் தேதி இன்சூரன்ஸிலிருந்து மலர்விழி என்று ஒரு பொண்ணு வந்தாள், ராசிபுரத்துக்காரி, உன் வயசுதான் இருக்கும். பாருக்குள்ளே பொம்பளை வருகிறாளே என்று நம் பார் மேனேஜர் மயில்சாமி வாசலில் தடுமாறினான். உங்க முதலாளியும் பொம்பளைதானுங்களே என்று கேட்டுவிட்டு நேரே உள்ளே போய்விட்டாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது, அரை மணி நேரத்தில் பயமும் வந்துவிட்டது.

சுவரில் மாட்டியிருக்கும் சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர் தெரியுமல்லவா, மொத்தம் ஏழு. ஒவ்வொன்றின் தலையிலும் கடிகாரம் மாதிரி சின்னதாக ஒரு வட்டம் இருக்கும், அதில் முள் பச்சையில் நின்றால் மருந்து வேலை செய்யும், சிவப்பில் நின்றால் செய்யாது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நான் என்ன செய்வேன், பார்ப்பதற்கு நெற்றி மாதிரி இருக்கிறதே என்று சரியாக அந்த வட்டத்தின் மேலேயே சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைப்பேன். போன வருஷத்துப் பொட்டைத் துடைக்காமல் அதன் மேலேயே அடுத்த வருஷத்துப் பொட்டு. மலர்விழி ஈரத்துணி கேட்டாள், தேய்த்தாள், காய்ந்த சந்தனம் சில்லு சில்லாக உதிர்ந்தது. ஏழில் நாலு முள் சிவப்பில் நின்றது. சாமி கும்பிட்டது சரிங்க அக்கா, முள் எங்கே நிக்குதுன்னு எப்பப் பார்த்தீங்க என்று கேட்டாள். அடுத்த செவ்வாய்க்குள் எல்லாம் சரியாக இருந்தால் எழுதுகிறேன், இல்லையென்றால் இருப்பதை இருந்தபடிதான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலமே உன் சித்தப்பா வேலுமணி ஒரு கிலோ மைசூர்பாகோடு வந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. ஏனுங்க அண்ணி, இந்த வயசுல வர்றவன் போறவனுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு இருக்கோணுமா, மதுமதியே ஓட்டலை வித்துப்போடலாம்னு சொல்லிப்போட்டா, நான் பார்த்துக்கறனுங்க என்றார். நீ அவரிடம் அப்படிச் சொன்னது எனக்கு அப்போதுதான் தெரியும். அப்பா மைசூர்பாகைத் தின்றுகொண்டிருந்தார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்றைக்கு ஒரு நிமிஷம் யோசித்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு நானும் மயில்சாமியும் கட்டிடம் பூராவும் பொட்டைத் துடைத்தோம். சரக்கு அளக்கிற அளவுக் குப்பியில் அரசாங்க முத்திரை இருக்க வேண்டும், பொட்டுக்கு அடியில் இருந்தது முந்தின வருஷத்து முத்திரை. லைசென்சுக்குக் கொடுத்த கட்டிட வரைபடம் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறதே, அதில் பொட்டு மறைத்திருந்த இடம் அவசரத்துக்கு வெளியேறும் பின்கதவு. போய்ப் பார்த்தால் அந்தக் கதவுக்கு முன்னால் காலி பாட்டில் பெட்டி ஆள் உயரத்துக்கு. அம்மா, நம்ம பில் மெசின்ல மட்டும் நெம்பர் மறையாம பொட்டை ஓரமா வெச்சிருக்கீங்க பாருங்க என்று மயில்சாமி சொன்னான். வேலையைப் பாருடா என்றேன். உண்மையைத்தான் சொன்னான்.

பெட்டியெல்லாம் அப்புறப்படுத்தினோம். குப்பிகளை எடுத்துப்போய் இந்த வருஷத்து முத்திரை போட்டு வாங்கி வந்தேன். சிலிண்டர்களுக்குச் சேலத்தில் மருந்து நிரப்பி, ஒவ்வொன்றிலும் தேதிச் சீட்டுக் கட்டியாகிவிட்டது. அதோடு விடவில்லை, பழகுவதற்கென்று தனியாக வேறு சிலிண்டர்கள் வாங்கி வந்து, பின்னால் பழைய டயரைக் கொளுத்தி வேலையாட்கள் எல்லோரையும் ஒருமுறை அணைக்க வைத்தேன். சமையல் கந்தம்மாள் சிலிண்டரின் பின்னை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டு அடித்ததில் உன் அப்பா வேட்டி சட்டை மீசை எல்லாம் மாவு மில்லிலிருந்து வந்தவர் மாதிரி ஆகிவிட்டது, டயர் பாட்டுக்கு எரிந்தது. ரெண்டாவது தடவை அணைத்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை மலர்விழி வந்தாள், ஏழு முள்ளையும் பார்த்தாள், பின்கதவைத் தானே திறந்து வெளியே போய் உள்ளே வந்தாள், மோர் மட்டும் குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

இனி புதன்கிழமை பார் லைசென்சுக்குப் பார்க்க மதுவிலக்கு அதிகாரிகள் வருகிறார்கள். வரட்டும். பாட்டில் எண்ணிக்கையும் இருப்பு நோட்டும் ஒத்துப்போகிறது, இருபத்தொரு வயசுக்குக் கீழே சரக்கு இல்லை என்ற போர்டு புதுசாக எழுதியாச்சு. அவர்கள் என்ன குறை சொன்னாலும் அதைச் சரி செய்வேனே தவிர விற்க மாட்டேன். லாரிப் பட்டறை வாசலில் இட்லி சுட்டவள் நான். உன் மாமியார் ஊட்டில் நீ ஓட்டல் என்று மட்டும் சொன்னாய், பார் என்று சொல்லவில்லை, அதை நான் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என்னுடைய கடைக்கு நீ விலை பேசாதே கண்ணு. சித்தப்பாவிடம் சொன்னது நீ, அதைத் திரும்ப வாங்க வேண்டியதும் நீதான். புதன்கிழமைக்கு முன்னால் கூப்பிட்டுச் சொல்லிவிடு, மைசூர்பாகு நன்றாக இருந்தது என்றும் சொல்.

இன்னொன்று. தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறதென்று உங்கள் வீட்டுக் கூரையிலுள்ள புகை மணிக்குக் குளிக்கும்போது போடுகிற பிளாஸ்டிக் தொப்பியை மாட்டி வைத்திருப்பதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாயே, அன்றைக்கு நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. நான் சந்தனத்தில் செய்ததை நீ பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறாய். ஜன்னலைத் திறந்து வைத்துத் தாளி, கத்தினால் கத்தட்டும்.

நாமகிரித் தாயார் உங்கள் ரெண்டு பேருக்கும் நீண்ட ஆயுளும் குறையாத சோறும் கொடுக்கட்டும். முள் பச்சையில் நிற்பதை அப்பா போட்டோ எடுத்து இதோடு அனுப்புகிறார். தொப்பியைக் கழற்றிவிட்டு நீ உன் கூரையைப் போட்டோ எடுத்து அனுப்பு, அதைப் பார்த்த பிறகுதான் போனை எடுப்பேன்.

இப்படிக்கு,
பைபாஸ் பார் ஓட்டல் முதலாளி,
உன் அம்மா
சென்னியம்மாள்