அம்மன் கொடுத்த எலுமிச்சம்பழம்

இன்று காலை சாமி அலமாரியைத் துடைத்தேன். அம்மன் படத்துக்கு முன்னால் பித்தளைத் தட்டில் வரிசையாக வைத்திருந்த ஒன்பது எலுமிச்சம்பழங்களையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு போய் எருக்குழியில் போட்டேன். காய்ந்து கறுத்து, கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கியிருந்தன. அப்படியும் உள்ளே எங்கேயோ கொஞ்சம் வாசம் மிச்சமிருந்திருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் கையை விட்டுப் போகவில்லை. அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்பது தெரியும். படிப்பீர்கள் என்றால் இன்னும் நன்றாகத் திட்டியிருப்பேன்.

வருடம் தவறாமல் சித்ரா பௌர்ணமிக்கு நீங்கள் குமுளிக்குக் கிளம்புவீர்கள். மலைமேல் இருக்கும் மங்கலதேவி கோயிலுக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான் ஆட்களை விடுவார்கள். மாங்காய் வியாபாரத்தில் பழக்கமான உடுமலைக்காரர்களும் பொள்ளாச்சிக்காரர்களும் சேர்ந்து ஜீப் பிடிப்பார்கள். போகிற வழியில் மறையூரின் பழைய கல்லறைகள், மூணாறு, மாதா கோயில் என்று எல்லாம் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் வந்து சேர்வீர்கள். நம் முதலமடைத் தோப்பில் அப்போது கடைசிக் காய்ப் பறிப்பு நடக்கும். மாங்காயைப் பெட்டியில் அடுக்குகிறவர்களுக்குச் சோறு பொங்கிக்கொண்டு நான் வீட்டில் இருப்பேன்.

"நானும் வரட்டுங்களா?" என்று முதல் வருடம் கேட்டேன்.

"அது காட்டு வழி அம்மிணி. ஆனை நடமாட்டம் எச்சா. பொம்பளைங்க ஆரும் வரதில்ல" என்றீர்கள்.

மறு வருடமும் கேட்டேன். "ஊட்டுல ஒரு ஆளு வேணுமல்லோ? அடுத்த வருசம் பாக்கலாம். உனக்கும் சேத்துக் கும்புட்டுட்டு வாரேன்" என்றீர்கள். ஒரு நாள் மட்டும் திறக்கிற கோயிலுக்கு அடுத்த வருடம் என்பது எவ்வளவு பெரிய சொல் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன. நன்றாகத் தெரிந்துதான் சொன்னீர்கள்.

முதல் தடவை நீங்கள் திரும்பி வந்தபோது துவைக்கப் போட்ட சட்டைப் பையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. என்னங்க இது என்று கேட்டதும் ஒரு நொடி முழித்தீர்கள். பிறகு, "அம்மன் குடுத்தது. வெச்சுக் கும்புடு" என்றீர்கள். அதற்கடுத்த வருடங்களில் நான் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கையில் கொடுத்தீர்கள். நானும் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்தேன்.

இத்தனை வருடத்தில் நீங்கள் எனக்குக் காட்டிய சரித்திர இடம் பாலக்காட்டுக் கோட்டை ஒன்றுதான். அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போன நாளில், ஸ்கேன் ரிப்போர்ட் வருகிற வரைக்கும் நேரம் போக வேண்டுமே என்று. அகழியைச் சுற்றி நடந்தோம், வாசலில் அனுமாரைக் கும்பிட்டோம், கடலை வாங்கித் தின்றோம். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். என் வயிற்றில் கட்டி இருக்கிறதா இல்லையா என்பதைக்கூட மறந்துவிட்டேன். நம் தோப்பில் நின்றால் கண்ணெதிரே தெரிகிற நெல்லியாம்பதி மலைக்குக்கூட என்னைக் கூட்டிப் போனதில்லை. அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

நீங்கள் கண்ணை மூடிய மூன்றாம் நாள் உடுமலையிலிருந்து உங்கள் நண்பரும் அவர் மனைவி சரசுவும் துக்கம் கேட்க வந்தார்கள். சரசு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பாவமுங்க அக்கா நீங்க. உங்களுக்கு மட்டும் வண்டி ஒத்துக்கிட்டிருந்தா வருசா வருசம் எங்ககூட அம்மனப் பாக்க வந்திருப்பீங்க. அண்ணன் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாரு."

எனக்கு விளங்கவில்லை. "என்ன ஒத்துக்கலை?"

"வண்டில ஏறுனாலே வாந்தி எடுப்பீங்களாமே. நாங்க பொம்பளைங்க அத்தன பேரும் வேன்ல போவோம், ஆம்பளைங்க ஜீப்புல வருவாங்க. நீங்க மட்டுந்தான் வரமாட்டீங்க."

அதோடு என் அழுகை நின்றது. சொந்தக்காரர்கள் என்னவோ துக்கத்தில் கல்லாகிப் போய்விட்டேன் என்று நினைத்துக்கொண்டு மோர் கரைத்துக் கொடுத்தார்கள். நான் உங்கள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலைக்கு நடுவில் ஒன்றும் தெரியாதவர் போல இருந்தீர்கள். எனக்குப் பொம்பளைகள் வருவதில்லை என்று சொல்லி, அவர்களிடம் நான் வரமாட்டேன் என்று சொல்லி, இரண்டு பக்கமும் காதில் பூச்சுற்றியிருக்கிறீர்கள். கல்யாண வீடுகளில் அந்தப் பெண்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாஞ்சையாக சோடா வேண்டுமா என்று கேட்டது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

வருடம் திரும்புகிற வரை கோயிலுக்குப் போகக் கூடாது என்றார்கள். இருந்தேன். திரும்பியதும் சரசுவுக்குப் போன் போட்டு, இந்தச் சித்ரா பௌர்ணமிக்கு வேனில் எனக்கொரு இடம் வேண்டும் என்றேன். சாமி கும்பிடத்தான் போனேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வாந்தி எடுக்காமல் போய்வர வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை எடுத்தாலும் நீங்கள் சொன்னது உண்மையாகிவிடும்.

பொள்ளாச்சியில் வேனில் ஏறியதுமே என்னை முன்சீட்டில் உட்காரவைத்து, மடியில் நாலு பிளாஸ்டிக் கவரும் ஒரு இஞ்சி மிட்டாய்ப் பொட்டலமும் வைத்தார்கள். பின்னால் ஏழு பெண்களும் என் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். சின்னாறு செக்போஸ்ட் தாண்டி வளைவுகள் வந்தபோது எனக்கும் அடிவயிற்றில் ஏதோ புரண்டது. உள்ளதைச் சொல்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு தூரத்து மலையைப் பார்த்தேன். உங்களை நினைத்தேன். கோபத்தில் வயிறு தானாக அடங்கியது.

மறையூரில் பாறைமேல் ஏறி முனியறைகளைப் பார்த்தோம். நாலு கல் பலகையை நிறுத்தி ஒன்றை மேலே மூடியிருக்கிறார்கள். எத்தனையோ காலத்துக்கு முன்னால் செத்தவர்களுக்கு எழுப்பியதாம். உள்ளே ஒன்றுமில்லை, ஆட்டுப் புழுக்கைதான் கிடந்தது. "உக்காருங்க அக்கா, தலை சுத்தும்" என்றாள் சரசு. நான் வேண்டுமென்றே அந்தப் பாறையை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன்.

மறையூர் தாண்டித் தேயிலைக்குள் ஏறும்போது ஒரு வளைவில், ஓடைப் பாலத்தை ஒட்டி, டிரைவர் ராசு வண்டியை நிறுத்தினான். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இத்தனை வருடமும் உங்கள் ஜீப்பை ஓட்டியவன் அவன்தான். இந்த வருடம் பெண்கள் வேனுக்கு வந்திருந்தான்.

"ஏன் ராசு நிறுத்திப்போட்டே?" என்றேன்.

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "பழக்கமுங்க அக்கா. கை தானா நிறுத்திருச்சு" என்றான்.

"என்ன பழக்கம்?"

"அண்ணன் இங்கதானுங்க எறங்குவாரு."

"எதுக்கு?"

ராசு பின்கழுத்தைச் சொறிந்தான். "ஊட்டுல சொல்லீராதேன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருந்தாருங்க. இப்பத்தான் அவரே இல்லியே. சின்னாறுலயே ஆரம்பிச்சுரும். இந்தப் பாலத்துக்கு வந்தா முடியாது, எறங்கி அந்தப் பாலத்துத் திட்டப் புடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்துருவாரு. சட்டை ஜோப்புல ரெண்டு மூணு எலுமிச்சம்பழம் எப்பவும் இருக்கும். போறப்பவும் வாரப்பவும் மூந்துக்கிட்டேதான் வருவாரு."

முதலில் சிரித்தது சரசுதான். அப்புறம் வேனே குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் மூக்கடியில் இருந்த எலுமிச்சம்பழத்துக்கா ஒன்பது வருடம் குங்குமம் வைத்தேன்? மானம் போய்விடும் என்று உங்கள் வாந்தியைத் தூக்கி என் தலையில் கட்டிவிட்டு, அம்மன் பேரையும் சேர்த்து இழுத்திருக்கிறீர்கள். எனக்குப் பாவமாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் நீங்கள் ஏமாந்தீர்கள். வயிறெரிந்தது.

மூணாறில் குன்றின்மேல் மாதா கோயிலுக்குப் போனோம். மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடத்தில் எஸ்டேட்டுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு, "தவறிப்போனவுகளுக்கா ஏத்துதீக?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இல்லீங்க. உசுரோட இருக்கறவளுக்கு" என்றேன். அவள் தன் மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் குமுளியில் ஜீப் வரிசை. தண்ணீர் பாட்டிலைக்கூடச் சோதித்துத்தான் காட்டுக்குள் விட்டார்கள். அதுவரைக்கும் வந்ததெல்லாம் ரோடு. இது வெறும் கல்லும் குழியும். பாதி மலை ஏறியதும் சரசு முகம் வெளுத்து என் தோளைப் பிடித்தாள். வருடா வருடம் வருகிறவளுக்கு இந்த வருடம் முடியவில்லை. நான் கவரை விரித்துப் பிடித்து, இடது கையால் அவள் நெற்றியைத் தாங்கி, மறுகையால் முதுகைத் தடவினேன். இரண்டு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு, "கை நல்லாருக்குங்க அக்கா. இன்னஞ் சித்த வெச்சிருங்க" என்றாள். அந்தப் பாதை முடிகிறவரை நான் கையை எடுக்கவில்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

மேலே பெரிய கோபுரமெல்லாம் இல்லை. இடிந்த கல் மண்டபம், இரண்டு மாநிலத்துப் போலீஸ், வெயில், கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. பொட்டும் வளையலும் வைத்துக் கும்பிடுகிற கூட்டத்தில் நானும் நின்றேன். "அண்ணனுக்கும் சேத்துக் கும்புடுங்க" என்றாள் சரசு.

"அவருதான் ஒம்பது வாட்டி கும்புட்டுட்டாரல்லோ. இது எனக்கு" என்றேன். அப்படியே கும்பிட்டேன். உங்களைப் பற்றி அம்மனிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். புருஷனுக்காக ஓர் ஊரையே எரித்தவள், கோபம் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இறங்கி வந்து, வந்த வழியே திரும்பினோம். அந்த ஓடைப் பாலத்தில் ராசு நிறுத்தாமலே போயிருப்பான். நான்தான் நிறுத்தச் சொன்னேன். எட்டுப் பெண்களும் இறங்கி நின்று, அதற்கு முதலமடை அண்ணன் வளைவு என்று பெயர் வைத்தோம். ராசு மற்ற டிரைவர்களிடமும் சொல்லிவிட்டானாம். வருகிற வருடம் உடுமலை ஜீப்புக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நம் மகன் போனில், "அப்பா பேர இப்பிடிக் கெடுக்கறீங்களேம்மா" என்று கத்தினான். கெட்டுத்தான் போகட்டும். என் பெயரை நீங்கள் கெடுத்தபோது யார் கத்தினார்கள்?

மற்றவர்கள் வேனில் ஏறிய பிறகும் நான் கொஞ்ச நேரம் அங்கே நின்றேன். நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள் என்று ராசு சொன்ன திட்டு இடுப்பளவு உயரம்தான். அதில் ஒற்றை ஆளாகக் குனிந்து நின்றிருக்கிறீர்கள். ஜீப்பில் இருந்த ஆண்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பீடி குடித்திருப்பார்கள். ஒருத்தராவது இறங்கி வந்திருப்பார்களா?

நீங்கள் என்னை ஏமாற்றியது, வீட்டில் வைத்துப் பூட்டியது, ஊரெல்லாம் என்னை நோஞ்சானாக்கியது, இதையெல்லாம் என்றைக்காவது மன்னித்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு, உங்கள் அம்மாவுக்கு, நேற்றுப் பழகிய சரசுவுக்குக்கூட நெற்றியைப் பிடித்திருக்கிறேன். உங்களுக்கு மட்டும் பிடிக்க விடவில்லை. அதை மன்னிக்க மாட்டேன்.