பெயருக்கு விட்ட கட்டம்

ஏங்க,

நீங்கள் அசந்து தூங்கினீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. பால் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். குக்கரில் சோறு இருக்கிறது. முட்டை பொரித்து மூடி வைத்திருக்கிறேன். நேற்றைய கோபத்தைச் சோற்றில் காட்டாதீர்கள்.

பதினோரு மணிக்கு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வருவார். பிறந்து முப்பது நாள்வரைதான் குழந்தைக்கு என் பாலிசி செல்லுமாம். நாளையோடு முப்பது. அதற்குமேல் வேண்டுமானால் அவளைத் தனிப் பெயர் போட்டுச் சேர்க்க வேண்டும். படிவத்தில் மற்றதெல்லாம் எழுதிவிட்டேன். பெயர் மட்டும் பாக்கி.

"பேர் வெச்சா ஆசை வந்துடும், அப்புறம் தாங்க முடியாது" என்று நேற்று கத்தினீர்கள். ஆசை இல்லாதவர்தான் தச்சுப் பட்டறையிலிருந்து மரத்தூளைக்கூடத் தட்டாமல் ஓடிப்போய், ஆஸ்பத்திரியில் அவளை வைத்திருக்கிற அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கிறாராக்கும்.

டாக்டரம்மா முகத்தைப் பார்த்தால் இந்தப் படிவத்துக்கு வேலையே இருக்காது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. இருந்தாலும் எழுதுங்கள். அவள் காலில் கட்டியிருக்கிற பட்டையில் என் பெயர்தான் இருக்கிறது. போவதானாலும் தன் பெயரோடு போகட்டும்.

வெளியே போனால் சாவியை மீட்டர் பெட்டி மேல் வையுங்கள்.

இன்னொன்று. தொட்டில் பலகையில் பென்சிலால் ஒரு பெயரைக் குறித்துவிட்டு அழித்திருக்கிறீர்கள். பார்த்தேன். அதையே எழுதுங்கள்.

பென்சில் வேண்டாம். பேனா படிவத்தின் மேலேயே இருக்கிறது.