பைபிளுக்கு அடியில் பச்சை ரவிக்கை

ஏங்க,

பட்டாசுக் கம்பெனி வேன் வந்துருச்சு, நான் வேலைக்குக் கிளம்புறேன். ராத்திரி லோடு ஏத்துன அசதியில தூங்குறீக, எழுப்பல. குழம்பைச் சுட வச்சுச் சாப்பிடுங்க.

பக்கத்து வீட்டு ரூபி மாவு வாங்க வருவா. வாசல்லயே குடுத்து அனுப்புங்க, உக்காரச் சொல்ல வேணாம்.

அறுப்பின் பண்டிகைக்கு என் பச்சைப் பட்டுச்சேலையை நான்தான் காணிக்கையா வச்சேன். கோயில்ல காணிக்கையை ஏலம் விட்டப்ப அவ எடுத்தா, அது தப்பில்ல. ஆனா ஞாயித்துக்கிழமை அவ கட்டிட்டு வந்தப்ப "எடுப்பா இருக்கு"ன்னீகளே, அதுக்கப்புறம் பிரசங்கத்துல ஒரு வார்த்தை என் காதுல ஏறல. சேலை போயிருச்சேன்னு நான் சொன்னப்ப எனக்கு மட்டும், "ஆண்டவரு வேற தருவாரு"ன்னீக!

பி.கு.: அந்தச் சேலையோட ரவிக்கையை நான் காணிக்கையில வைக்கல. பீரோவுல, பைபிளுக்கு அடியில ஒளிச்சு வச்சுருக்கேன். மாவோட அதையும் அவகிட்ட குடுத்துருங்க. நான் வர்றதுக்குள்ள குடுத்துருங்க, இல்லைன்னா மறுபடி எடுத்து வச்சுக்கிருவேன்.