நாத்தனார் நீட்டிய கைப்பட்டை

மாசி 12, செவ்வாய், இரவு

மணிக்கட்டு நரம்பு அழுத்தத்தால் மாதக்கணக்கில் வீட்டில் கிடந்துவிட்டு, இன்று மறுபடி திராட்சை வெட்டப் போனேன். டாக்டர் கொடுத்த கைப்பட்டையைப் பைக்குள் ஒளித்துவைத்திருந்தேன். தெரிந்தால் தோட்டக்காரர் சேர்க்கமாட்டார். பழத்தில் விரல் படாமல் காம்பைப் பிடித்து வெட்ட வேண்டும். பந்தலுக்குக் கையைத் தூக்கித் தூக்கியே விரல்கள் மரத்துப்போயின. ஆனாலும் ஒரு குலையைக்கூடக் கீழே விடவில்லை.

அந்த நேரம் பார்த்து, கூட வெட்டிக்கொண்டிருந்த என் நாத்தனார் செல்வி, தோட்டக்காரர் காதுபட, "மதினி, கைப்பட்டைய மறந்துட்டீகளே!" என்று அதை என் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"நாளைக்கு வர வேணாம் ஆத்தா" என்றார் அவர்.

என் இடத்துக்குச் செல்வியின் மகள் போகிறாளாம்.

சற்றுமுன் செல்வி தைலத்தோடு வந்து, "கை வலிக்குதா மதினி?" என்று கேட்டாள். கை இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது. அவளை ஓங்கி அறைந்திருந்தால்கூட எனக்கு வலித்திருக்காது.