மாடம்மாளின் முழம்

ஸ்ரீவராகம்
8 செப்டம்பர் 1999

அன்புள்ள அத்தானுக்கு,

நான் மஸ்கட்டுக்கு வருவதற்கான விசா போன மாதமே வந்து சேர்ந்தது. பத்திரமாக இருக்கிறது.

கணக்குப் பாடத்தை நன்றாக நடத்த அரசாங்கத்தில் டீச்சர்மாருக்கு ஐந்நூறு ரூபாய் தருகிறார்கள் என்று எழுதியிருந்தேனே, அதில் எல்லோரும் சார்ட் வாங்கினார்கள். நான் தையல்காரர் டேப் வாங்கி, எதையாவது அளந்து வாருங்கள் என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினேன். பழவங்காடியில் பூ விற்கும் மாடம்மாளின் மகள் பொன்செல்வி, வாங்க வந்தவர்கள் முன்னாலேயே அம்மாவின் முழத்தை அளந்துவிட்டாள். பக்கத்துப் பூக்காரியின் முழத்தைவிட ஆறு சென்டிமீட்டர் குறைவு!

மறுநாள் மாடம்மாள் பள்ளிக்கே வந்துவிட்டாள். "கணக்குப் படிக்க அனுப்புனா, என் பொழப்பயில்லா அளந்துட்டா!"

"டேப்பெல்லாம் பூட்டி வெய்யுங்க டீச்சரே, வம்பு வேண்டாம்" என்றார் ஹெட்மாஸ்டர்.

நான் பூட்டவில்லை. மாடம்மாளை வகுப்பிலேயே உட்காரவைத்து, அம்மாவிடம் பத்து முழம் வாங்கினால் எவ்வளவு குறையும் என்று பொன்செல்வியிடம் கேட்டேன். பெருக்கல் என்றாலே அழுகிறவள், போர்டில் அறுபது என்று எழுதிவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

மாடம்மாள் எழுந்து போர்டுக்கு அருகே வந்தாள். பிறகு, "அந்த டேப்புல ஒண்ணு எனக்குத் தருவீகளா டீச்சர்?" என்றாள். கொடுத்தேன்.

அந்த ஐந்நூறைத் தரும்போது, மார்ச் வரை இந்த வகுப்பை நானே நடத்துவேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். யோசிக்காமல் போட்டேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய விசா அப்போது என் கைப்பையில்தான் இருந்தது.

கோபம் வந்தாலும் பதில் போடுங்கள்.

உங்கள் மனைவி,
நாலாம் வகுப்பு டீச்சர்