அப்பா வரும் தெரு

அன்புள்ள அம்மாவுக்கு ஜெசிந்தா எழுதுவது. விழுப்புரம் டாக்டர் கொடுத்த மாத்திரையில் முழங்கால் வலி குறைந்ததா? மெக்சிகோவில் நான் நன்றாகவே இருக்கிறேன்.

இந்த ஓவியர் முகாமில் நேற்று கல்லறைத் திருநாளுக்குப் படையல் வைத்தோம். அப்பா படத்துக்கு முன்னால் அவர் கொறிக்கும் வறுத்த மல்லாட்டை வைத்தேன். இறந்தவர்கள் வழி தவறாமல் வீட்டுக்கு வர, இங்கே கல்லறையிலிருந்து வாசல்வரை செண்டுமல்லி இதழ் தூவுவார்கள். "உங்கள் அப்பா எந்த வழியாக வருவார்?" என்று சமையல்கார லூப்பே கேட்டாள். எனக்கு வந்ததே கோபம்!

எந்த வழி, அம்மா? ஊர்த்தெருவில் நம் பிணம் வரக்கூடாது என்று மறித்தவர்கள், நம்மோடு ஒரே மாதா கோயிலில், ஒரே பூசையில் நன்மை வாங்குகிறவர்கள்தானே? பங்குச் சாமியார் வாயைத் திறந்தாரா? சேற்று வயலில் அண்ணன், அப்பாவின் சவப்பெட்டியோடு சறுக்கி விழுந்தான். நீயோ, "வுட்டுடுடி, பொணத்த வெச்சிக்கினு வம்பு வேணாம்" என்று என் வாயைப் பொத்தினாய்.

லூப்பேயிடமிருந்து பூக்கூடையை வாங்கி, பெரிய தெருவின் நட்டநடுவில் தூவினேன். வண்டிகள் நின்று வழிவிட்டன.

கொஞ்சம் கேப்பை மாவு அனுப்பு. நீ கட்டிய பழைய புடவை ஒன்றையும் துவைக்காமல் அதோடு வை.

டிசம்பரில் அப்பாவின் முதலாண்டுப் பூசைக்கு, திண்டிவனத்தில் கூடை நிறையச் செண்டுமல்லி வாங்கு. கல்லறையிலிருந்து நம் வாசல்வரை ஊர்த்தெரு வழியாகவே தூவு. யாராவது மறித்தால், "எம் புருசன் வூட்டுக்கு வர்றாரு, தள்ளு" என்று சொல்.

வகுப்புக்கு அழைக்கிறார்கள்.

உன் ஜெசிந்தா