வடமேற்குக் காற்று உடைக்காத ஜன்னல்

ஃபேர்லி,
அக்டோபர் 14, செவ்வாய் இரவு

அன்புள்ள ப்ரியோனிக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே மணி பதினொன்றாகப் போகிறது, நார்வேயில் உனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். நீ, உன் ஐனார், அவன் வீட்டார் எல்லாரும் சௌக்கியம் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், இங்கே நாங்களும் அப்படியே, உன் அப்பாவின் முதுகுவலி மட்டும் எப்போதும்போல. பகல் முழுக்க வடமேற்குக் காற்று அடித்துத் தீர்த்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு, நம் கோடை வெயிலில், நீங்கள் இரண்டு பேரும் வரும்போது வெளியில் போட்டுச் சாப்பிட ஒரு நீள மேசை செய்கிறேன் என்று சொன்னேன் இல்லையா, அதன் பலகைகளை ஒட்டலாம் என்றால் இந்தக் காற்றில் ஒரு பக்கம் பசை பூசி முடிப்பதற்குள் மறுபக்கம் ஆடை கட்டிவிடுகிறது, போதாததற்கு ஆற்றுப் படுகையின் தூசி அத்தனையும் வந்து அதில் உட்கார்ந்துகொள்கிறது. எட்டரைக்கு மேல்தான் ஓய்ந்தது. இப்போதுதான் பசை பூசி, பதினொரு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, ஷெட்டில் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறேன். பசை பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் எழுதிவிட வேண்டும். எழுதிய பக்கங்களை அப்படியே படம் எடுத்து அனுப்புகிறேன். நீ ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போயிருக்கும் தீவில் போன் எடுக்காது என்று ஐனாரின் அம்மா சொன்னார், வெள்ளிக்கிழமை கரைக்குத் திரும்பியதும் முதலில் இதைப் படித்துவிடு. சனிக்கிழமை அந்த ரம்பத்தைத் தொடுவதற்கு முன்னால் படித்துவிடு.

ஆமாம், அந்த ரம்பத்தைப் பற்றித்தான் கடிதம். ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தைப் பார்த்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பனி விழுவதற்குள் அந்தப் பழைய மரவீட்டுக்குத் தரை போட்டுக் குடியேறப் போகிறீர்கள், அதற்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் தன் மேசை ரம்பத்தைக் கொடுத்துவிட்டார், என் மகள் அதன் முன்னால் ஒரு பலகையை வைத்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள். அப்புறம் வழக்கம்போல என் புத்தி, படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுழன்று அறுக்கிற பல் வைத்த ரம்பத் தட்டுக்குப் பின்னால், மீன் முதுகுத் துடுப்பு மாதிரி ஒரு இரும்புத் தகடு நிற்க வேண்டும். உன் ரம்பத்தில் அதை மாட்டுகிற திருகு இருக்கிறது, தகடு இல்லை. மேலே மூடுகிற உறையும் இல்லை. காலில் என்ன என்று பார்த்தால் கத்தரிப்புக் கொட்டகையில் போடும் அந்த மெத்தென்ற துணிச் செருப்பு, கையில் கம்பளிக் கையுறை. இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். உன் இடது கை, ப்ரியோனி! ரம்பத் தட்டைத் தாண்டி, விரல்களை விரித்துப் பலகையின் மேல் அழுத்திக்கொண்டு நிற்கிறது. மின்சாரம் கொடுக்கவில்லை, சும்மா படத்துக்கு நின்றேன் என்பாய், தெரியும். ஆனால் சும்மா நிற்கும்போது கை எங்கே போய் நிற்கிறதோ, மெஷின் ஓடும்போதும் அது அங்கேதான் போகும். கவனம் கவனம் என்று நான் அனுப்பிய செய்திக்கு நீ என்ன பதில் போட்டாய்? "அம்மா, நான் தினம் நூத்தம்பது ஆட்டுக்கு நடுவுல ஓடுற பிளேடை வெச்சுக்கிட்டு நிக்கிறவ. ஆடாம அசையாம கெடக்கிற பலகை என்னை என்ன பண்ணிடும்?" படித்துவிட்டுச் சிரித்தேன், சிரித்து முடித்ததிலிருந்து தூக்கம் இல்லை.

பலகை என்ன பண்ணும் என்று சொல்ல வேண்டுமானால் நான் ஒரு பொய்யைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். செப்டம்பர் ஆரம்பத்தில் ஷெட் ஜன்னலை வடமேற்குக் காற்று உடைத்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேனே, காற்று உடைக்கவில்லை, நான் உடைத்தேன். அன்றைக்குக் காலையில் சின்னப் பெட்டி ஒன்றுக்குப் பள்ளம் எடுப்பதற்காக என் ரம்பத்தின் அந்தத் துடுப்புத் தகட்டைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தேன், திரும்ப மாட்ட மறந்துபோனேன். மத்தியானம் இந்த மேசைக்கான முதல் பலகையை நீளவாக்கில் அறுக்க ஆரம்பித்தேன். மேக்ரோகார்ப்பா மரம் உனக்குத் தெரியும், வாசனைக்குக் குறைவில்லை, ஆனால் உள்ளே முறுக்கை வைத்துக்கொண்டு வெளியில் சாதுவாக இருக்கும். முக்கால் பங்கு அறுத்தாயிற்று, அறுத்த வாய் மெதுவாக மூடிக்கொண்டு ரம்பத் தட்டைப் பின்னாலிருந்து கவ்வியது. அப்படி மூடிக்கொள்ளாமல் தடுக்கத்தான் அந்தத் தகடு, அது ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது. பலகை என் கையிலிருந்து போனது எனக்குத் தெரியவே இல்லை கண்ணு. ஒரு சத்தம், அவ்வளவுதான். என் இடுப்பை உரசிக்கொண்டு, எனக்குப் பின்னால் இருந்த ஜன்னலைத் துளைத்து, வெளியே தண்ணீர்த் தொட்டியில் மோதி விழுந்தது. வானொலியில் ஒருவன் உரம் விற்றுக் கத்திக்கொண்டிருந்தான், அதன் சத்தத்தைக் குறைக்க ஒரு கையை நீட்டிப் பக்கவாட்டில் சாய்ந்திருந்தேன். நேராக நின்றிருந்தால் அது என் வயிற்றுக்கு வந்திருக்கும். மெஷினை நிறுத்திவிட்டு முழுதாகப் பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் அப்பா வந்து, "என்ன ரோ, ஜன்னல் எங்க?" என்றார். வாயில் வந்தது காற்றுதான். இந்த ஊரில் எது உடைந்தாலும் எது காணாமல்போனாலும் யாருக்குத் தலை வலித்தாலும் பழி அதன்மேல்தானே! இரண்டு பட்டம் வாங்கியவள், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள், வெட்கமாக இருந்தது, அதுதான் காரணம். அப்பா அத்தோடு விடவில்லை. மறுநாள் மதுக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "பலகையைத் தூக்கி ஈட்டி மாதிரி எறிஞ்ச காத்துய்யா இது! என் தாத்தா காலத்துல கூட இப்படி அடிச்சதில்ல" என்று ஆரம்பித்து, வாரக் கடைசிக்குள் ஊரில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டார். தபால் வண்டி ஓட்டும் நம் நோலீன் கடிதம் போட வந்தவள் ஜன்னலைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். கீழே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏன்டி ரோவீனா, காத்து உன் ஷெட்டுக்குள்ள பொறந்து வெளிய போச்சா? கண்ணாடித் துண்டு எல்லாம் வெளிப்பக்கம்ல கெடக்கு!" நான் துடைப்பத்தை எடுக்கப் போனேன். "சரி சரி, எனக்கென்ன, நான் யார்கிட்டயும் சொல்லல. உன் இழைப்பு மெஷின் ரெண்டு வாரம் என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். அதுவும் போயிற்று. அவள் வீட்டு மெஷினெல்லாம் பச்சைக் கம்பெனி பேட்டரி, நம் வீட்டில் எல்லாம் நீலக் கம்பெனி, ஒன்றுக்கொன்று சேராது, அதனால் மெஷினோடு நம் இரண்டு பேட்டரியையும் சார்ஜரையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போனாள், இன்னும் திரும்பி வரவில்லை.

இன்றைக்கு இதை உனக்கு எழுதுவது என்று முடிவு செய்ததும், நீ எப்படியும் அப்பாவிடம் சொல்லிச் சிரிப்பாய், அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவோம் என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "நான் இருபது பேர்கிட்ட சொல்லிட்டேனே ரோ! பத்திரிகைக்கு எழுதலாம்னு இருந்தேனே!" என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நடந்தது என்னவென்று புரியட்டும் என்று உன் படத்தைக் காட்டினேன். தகடு இல்லாத இடத்தையெல்லாம் அவர் பார்க்கவே இல்லை. உன் இடது கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இது நான் கத்துக்குடுத்த கை" என்றார். பதினாலு வயசில் உன்னைத் தன் முன்னால் நிறுத்தி, இடது கையால் தோலை இழுத்துப் பிடி, மெஷின் ஓடுகிற இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே உன் கை போய்க்கொண்டிருக்க வேண்டும் என்று சொன்னது அவர்தான். தோல் தளர்ந்தால் ஆட்டுக்குக் காயம். ஏழு வருஷமாக ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை அந்தக் கை அப்படியே போய்ப் பழகியிருக்கிறது. பலகையைக் கண்டாலும் தோலென்று நினைத்து முன்னால் போகிறது. அப்பா சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார், அவர் தானாகத் தட்டுக் கழுவினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "அவளுக்கு இதை எழுது. ஆடு உதைக்கிறதுக்கு முன்னாடி அதோட உடம்புல தெரியும், அதைப் பிடிச்சிருக்கிற நம்ம முழங்காலுக்குத் தெரியும். பலகை சொல்லிட்டு உதைக்காது. அந்தக் கையை அவ மறக்கணும்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். இது அவர் வாயால் சொன்னது, என் பயம் என்று ஒதுக்கிவிடாதே.

இனி நான் சொல்வது. அந்தப் பண்ணைக்காரரிடம் போய்த் தகடு எங்கே என்று கேள், கழற்றினவர் தூக்கி எறிந்திருக்க மாட்டார், எங்காவது ஆணி டப்பாவில் கிடக்கும். உறையையும் கேள். கிடைத்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாட்டு, ரம்பத் தட்டுக்கு நேர் பின்னால் ஒட்டினாற்போல நிற்கிறதா என்று தட்டைக் கையால் சுழற்றிப் பார்த்துக்கொள். தள்ளுவதற்கு இரண்டு குச்சி செய், மிச்ச மரத்தில் கால் மணி வேலை, தட்டுக்குப் பக்கத்தில் போவது குச்சியாக இருக்கட்டும், கை வேண்டாம். பலகைக்கு நேர் பின்னால் நிற்காதே, ஓரமாக நில், என்னைப்போல உரம் விற்கிறவனை நம்பிக்கொண்டிராதே. கையுறை வேண்டாம், பல் அதைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும், குளிர்ந்தால் உள்ளே போய்க் கையை அனலில் காட்டிவிட்டு வா. கண்ணாடி, காதுக்கு மூடி, கட்டியான பூட்ஸ், தலைமுடியைக் கட்டிக்கொள். தகடு கிடைக்கவில்லையானால் அந்த ரம்பத்தை அவரிடமே நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடு, அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார், நினைத்தால் நினைக்கட்டும். உண்மையில் உன் தரை வேலைக்கு மேசை ரம்பமே வேண்டாம் என்பேன். கையில் பிடிக்கிற வட்ட ரம்பம் ஒன்று, நேரான ஒரு சட்டத்தைப் பலகையோடு கிளாம்ப் போட்டு அதை ஒட்டி ஓட்டினால் கோடு போட்டதுபோல அறுக்கும், உன் இரண்டு கையும் மெஷினின் மேல் இருக்கும், அதுதான் எனக்கு வேண்டியது. கடையில் எடுத்துப் பிடித்துப் பார், அறுக்கிற கோடு எட்டிப் பார்க்காமல் கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஸ்விட்ச் விரலுக்கு எட்ட வேண்டும், கனம் மணிக்கட்டை இழுக்கக் கூடாது. பழசாக வாங்கினால் ரம்பத் தட்டை மட்டும் புதிதாக வாங்கு, மழுங்கின பல்தான் பலகையைத் தள்ளச் சொல்லி நம்மை வம்பில் மாட்டுகிறது. ஒரு டிரில், மூலைகளில் வளைத்து அறுக்க ஒரு சின்ன ஜிக்சா ரம்பம், உப்புத்தாள் மெஷின், தரைக்கு இவ்வளவு போதும். அப்புறம் பேட்டரி, முதலில் எந்த நிறம் வாங்குகிறாயோ காலத்துக்கும் அதுதான், அதனால் ஐனார் வீட்டில் என்ன நிறம் என்று கேட்டுவிட்டு வாங்கு. அவர்கள் பச்சையென்றால் பச்சையே வாங்கிக்கொள், நான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன், நோலீனிடம் மட்டும் சொல்லாதே.

உன்னைப் பெற்றபோது எனக்கு உன்னைவிட ஒரு வயது குறைவு. டுனீடின் பட்டணத்தில் ஒரு வாடகை அறையில், ஒரு கையில் உன்னையும் மறு கையில் பரீட்சைப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று உன் விரல்களை ராத்திரியெல்லாம் எண்ணிக்கொண்டிருப்பேன், பத்துதான் வரும், திரும்ப எண்ணுவேன். அந்தப் பைத்தியம் இன்னும் விடவில்லை. படத்திலும் எண்ணினேன், கையுறைக்குள் எண்ண முடியவில்லை.

பசை பிடித்துவிட்டது, ஓரத்தில் பிதுங்கியது நகத்துக்கு ரப்பர் மாதிரி இருக்கிறது, சுரண்டிவிட்டுக் கிளாம்ப்பைக் கழற்ற வேண்டும். பறந்துபோன பலகையையும் இதில் சேர்த்துவிட்டேன், தொட்டியில் மோதின பள்ளம் அப்படியே இருக்கட்டும் என்று இழைக்காமல் விட்டேன், அந்தப் பக்கம் அப்பா உட்காரும் பக்கம். ஜன்னலைப் பற்றி அப்பாவைக் கேட்டால், கிறிஸ்துமஸ் வரைக்கும் ஊருக்குள் அது காற்றுதானாம், அதற்கப்புறம் யோசிக்கலாமாம், உனக்கும் அதே உத்தரவு.

நீயும் ஐனாரும் நோய்நொடி இல்லாமல், பனிக்கு முன்னால் புதுத் தரையில் கால் வைத்து, நன்றாக இருக்க வேண்டும். ஐனாரின் அம்மாவுக்கு என் அன்பைச் சொல். அப்பா கொடுத்த அந்தப் பழைய கம்பளிச் சட்டையைத் துவைக்கும்போது வெந்நீர் வேண்டாம். தகடு மாட்டியபின் ரம்பத்தைப் பின்பக்கமிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு, பக்கத்தில் உன் இரண்டு கையும் தெரியட்டும், கையுறை இல்லாமல். அது வரும்வரை நானும் இங்கே எதையும் அறுக்கப் போவதில்லை என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், மேசைக்கு இன்னும் நாலு கால் பாக்கி. சனிக்கிழமைக்கு முன்னால் பதில் எழுது.

அன்புடன்,
உன் அம்மா ரோவீனா